ஒப்பானது

சேதனம் என்று எழுத முடியாது.
கத்தரிக்கு எழுதலாம், பயற்றைக்கு எழுதலாம்,
இந்தச் செடிக்குச் சட்டத்தில் அந்தச் சொல் இல்லை.
"சேதன முறைக்கு ஒப்பானது."
அவ்வளவுதான் என் முத்திரையில் இருக்கிறது,
அதுவும் ஓரத்து எழுத்துகள் தேய்ந்து.

முத்தையன்கட்டு, இடதுகரை வாய்க்காலின் கடைசி மதகு.
இரண்டு சுற்று முள்ளுக்கம்பி.
படலையில் சிவில் பாதுகாப்புச் சீருடையோடு நிமலரூபன்
என் அடையாள அட்டையையும் முகத்தையும்
மாறி மாறிப் பார்த்தான்.
போன கிழமை கடற்கரையில்
இதே இலையை எண்பது கிலோ பிடித்து
பேப்பரில் படம் போட்டிருந்தார்கள்.
இங்கே அதற்குக் காவல்.
அவனுக்கே சிரிப்பு வந்தது.
"உள்ளுக்குப் போங்கோ மிஸ்."

நானூற்றுப் பன்னிரண்டு செடி. எண்ணினேன்.
ஆண் செடி பிடுங்கிய குழி பத்தொன்பது. அதையும் எண்ணினேன்;
எரித்த சாம்பலுக்கும் ஒரு படிவம் உண்டு.
வேப்பங்கொட்டைக் கரைசல் வாளி.
சீமைக்கிளுவைத் தழை மக்கிய குவியல்,
கைவிட்டுப் பார்த்தேன், சூடு. சரி.
பக்கத்து வயலுக்கு இருபத்தைந்து அடி விட வேண்டும்,
நாடா இருபத்திரண்டில் நின்றது.
"அவர் மருந்தடிக்கிறதெண்டால்
காத்து எந்தப் பக்கமெண்டு பாத்துத்தான் அடிப்பார்"
என்றார் திலகேஸ்வரி.
காற்றுக்குப் படிவத்தில் இடமில்லை.
மூன்றடி குறைவு என்று எழுதினேன்.
ஓர வரிசை முழுக்கக் கழிவு.
அவர் ஒன்றும் பேசவில்லை, ஒரு இலையைத் திருப்பி
அடியில் பூச்சி தேடினார்.

கேள்வி பதினொன்று:
கடந்த மூன்று ஆண்டுகளில் இந்நிலத்தில்
தடைசெய்யப்பட்ட பொருள் ஏதும் இடப்பட்டதா?

"மூண்டு வருசமோ?"
"மூன்றுதான்."
"அப்ப இல்லை."

அந்த 'அப்ப'வை நான் எழுதவில்லை.

மண் மாதிரிக்குத் துளைப்பானை இறக்கினேன்.
ஒரு முழம் போனதும் எதிலோ சுற்றிக்கொண்டது.
"இழுக்காதேங்கோ மிஸ்!"
படலையிலிருந்து ஓடி வந்தான் நிமலரூபன்.
குப்புறப் படுத்து, காதை மண்ணில் வைப்பவன் போல,
சுண்டுவிரலால்
மீனில் முள் எடுக்கிற பதத்தில் தோண்டினான்.
இதற்கு அவன் எங்கே பயிற்சி எடுத்தான் என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.

வந்தது துணி.
ஊதாக் கரை, மஞ்சள் பூ.
நைலோன். இத்தனை மாரி குடித்தும்
சாயம் போகவில்லை.
வாய் தைத்த பை. மண்ணுக்குள் ஒரு பை மண்.

"நாலாஞ்சடங்குக்கு உடுத்தது" என்றார் திலகேஸ்வரி.
"ஆறு பை வந்தது அந்தச் சீலையில.
பங்கருக்கு மேல அடுக்கினது."
பிறகு என் பேனையைப் பார்த்தார்.
"இது பிளாஸ்டிக்கில சேருமோ தங்கச்சி?"

சேரும்.
பிரிவு ஒன்பது: மக்காத செயற்கை இழைகள்
நிலத்தில் விடப்படலாகாது.
எங்கேயோ குளிரூட்டிய அறையில்
பொலித்தீன் தாளை நினைத்து எழுதியது.

சேதனத்தில் ஓர் எழுத்தை எடுத்தால் சேதம்.
பயிற்சி வகுப்பில் யாரோ பகிடி விட்டார்கள்,
நானும் சிரித்தேன்.

மற்ற ஐந்து பையும் எங்கே என்று நான் கேட்க வேண்டும்.
கேட்டால் தோண்ட வேண்டும்.
தோண்டினால் இந்தப் போகம் இல்லை,
கடன் இருக்கும்.
செடிகள் இடுப்பளவு நின்றன, வெயில் சாயச் சாய
பிசின் மணம் கனத்து, எனக்குத் தலையிடித்தது.
"ஒன்று" என்று எழுதினேன். "அகற்றப்பட்டது."

நிமலரூபன் தன் குடிதண்ணீரில் அதைக் கழுவி
முள்ளுக்கம்பியில் காயப் போட்டான்.

மோட்டார் சைக்கிளை உதைக்கையில் கண்ணாடியில் தெரிந்தது:
திலகேஸ்வரி வரிசைகளுக்கு நடுவே
பாதத்தோடு பாதம் வைத்து அளந்து போகிறார்.
ஓரிடத்தில் நின்றார்.
குனியவில்லை.
அடுத்த செடிக்கு நகர்ந்து
அங்கும் கொஞ்சம் நின்றார்.